தொப்பைக்குள் ஒரு தீ!

காலில் முள் குத்துகிறது. மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது.

இதற்கு "அழற்சி" என்று பெயர். இது உடம்பின் தற்காப்பு. உள்ளே புகுந்த கிருமிகளோடு ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சண்டை போடுகின்றன. சண்டை முடிந்ததும் வீக்கம் வடிந்து விடும்.

வடியாவிட்டால்?

பருமனான உடம்பில் அப்படி ஓர் அழற்சி ஏற்படுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உமியில் பிடித்த தீயைப் போல உள்ளேயே கனன்று கொண்டிருக்கிறது.

எலிகள் காட்டிய உண்மை

கொழுப்பு, குதிரில் கொட்டிய நெல்லைப் போலச் சும்மா கிடக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.

1993-ம் ஆண்டு அமெரிக்காவில், ஹோடமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் ஆகிய விஞ்ஞானிகளின் குழு, கொழுத்த எலிகளைச் சோதித்தது. அவற்றின் கொழுப்பு சும்மா கிடக்கவில்லை! அழற்சியை உண்டாக்கும் "டி.என்.எப்." என்ற பொருளை அது சுரந்து கொண்டிருந்தது. அந்தப் பொருளை அடக்கியதும், எலிகளின் உடம்பில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

2003-ல் இன்னொரு உண்மை வெளிவந்தது. பருமனானவர்களின் கொழுப்பில், வெள்ளை அணுக்களில் ஒரு வகை கூட்டம் கூட்டமாகக் குடியேறி இருக்கிறது. அளவுக்கு மீறிப் பருத்த கொழுப்பு உயிரணுக்கள் சாகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் படை, அங்கேயே தங்கி விடுகிறது.

எதிரி இல்லாத ஊரில் படை தங்கினால் யாருக்கு நஷ்டம்? ஊருக்குத்தான்!

அந்தப் படை சுரக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் வேலை தடைப்படுகிறது. சர்க்கரை வியாதி தலைகாட்டுகிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. மாரடைப்புக்கு வழி பிறக்கிறது.

வயிற்றைப் பாருங்கள்

தொடையில் உள்ள கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிய கொழுப்பே அதிக ஆபத்தானது. நம் நாட்டவருக்கு, உடம்பு பெருக்காவிட்டாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்து விடுகிறது.

தொப்பை விழுந்தால், "வசதி வந்து விட்டது" என்று மகிழ்வது நம் வழக்கம். அது வசதி அல்ல, எச்சரிக்கை!

தையலுக்கு வைத்திருக்கும் இஞ்சு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றுங்கள். வயிற்றை எக்காதீர்கள். ஆண்களுக்கு 90 சென்டி மீட்டரும், பெண்களுக்கு 80 சென்டி மீட்டரும்தான் எல்லை. தாண்டினால் டாக்டரைப் பார்த்து, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக் கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தீயை அணைக்கலாம்

பயப்பட வேண்டாம். 80 கிலோ எடை உள்ளவர் 4 கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். எடை குறையக் குறைய அழற்சியும் தணியும்.

வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, காய், கீரையைக் கூட்டுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை விசேஷ நாளுக்கு வையுங்கள். புகை பிடிப்பதை விடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். "ஒரே வாரத்தில் தொப்பை கரையும்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

வீட்டில் பருமனானவர் இருந்தால் கேலி செய்யாதீர்கள். கேலி தீயை அணைக்காது. அவரோடு சேர்ந்து நீங்களும் நடங்கள்.

குடும்பத்தைத் தாங்கும் தகப்பனும் தாயும் நோயில் விழுந்தால், பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் தள்ளாடும். தீ சிறிதாக இருக்கும்போதே அணைப்பதுதான் புத்திசாலித்தனம்!