ஓசைக்கு அஞ்சி உந்தை அழிப்பதா?

பழைய அம்பாசிடர் மகிழுந்தை இன்றும் பேணிக் காப்பார் பலர் உளர். 2014 வரை மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவாக்கப்பெற்ற அவ்வுந்தின் முன்மூடிக்கு அடியிலிருந்து ஒரு தட்டோசை எழுந்துவிட்டால், உடையவர் நெஞ்சு துணுக்குறுகின்றது. உடனே பட்டறைக்கு ஓடி, "இவ்வோசை அறவே கேட்கக் கூடாது" என்கின்றார். பட்டறையாரும் திருகுகளை இறுக்கி ஓசையை அடக்கிவிடுகின்றார். உடையவர் மகிழ்கின்றார், பொறிக்கோ அன்றே கேடு தொடங்கிவிடுகின்றது.

அஃது எவ்வாறு? அவ்வுந்தின் பழைய ஒன்றரை இலிட்டர் கன்னெய்ப் பொறியில் எட்டு அடைப்பிதழ்கள் உள்ளன. பட்டறையார் வால்வு என்பது இவற்றையே. புடைப்புத்தண்டு சுழலுங்கால் அதன் மேடு தள்ளுகோலை உயர்த்தும். தள்ளுகோல், ஏற்றத்துத் துலாவைப்போல் ஆடும் துலாக்கையின் ஒருமுனையைத் தூக்க, மறுமுனை தாழ்ந்து அடைப்பிதழைத் திறக்கும். இதழ் மூடியிருக்குங்கால் அதன் காம்பு நுனிக்கும் துலாக்கைக்கும் நடுவே சிறு வெளி இருத்தல் வேண்டும். வெப்பத்தால் நீளும் உறுப்புகளுக்கு இடந்தருவது அவ்வெளியே.

அவ்வெளியை ஒழித்தால், இதழ் தன் இருக்கையில் முற்றப் பொருந்தாது. புகைபோக்கும் இதழோ தன் வெப்பத்தைப் பெரிதும் அவ்விருக்கை வழியாகவே இறக்கி வைக்கின்றது. பொருந்தாத இதழில் வெப்பம் தேங்கும். கசியும் அனற்காற்று அதன் விளிம்பைத் தின்னும். பொறியின் ஆற்றல் குன்றும். முடிவில் பொறித்தலையையே கழற்ற நேரும். இத்துணைக் கேடும் ஓசையின்றி நிகழும். வெளி மிகுந்தாலும் தேய்மானம் உண்டு. எனினும் அது தட்டித் தட்டி முன்கூட்டியே அறிவிக்கின்றது. அறிவிக்கும் குறையினும் அறிவியாக் குறையே கொடிது.

இதனை வீட்டு முற்றத்திலேயே செம்மை செய்யலாம். மரைமுடுக்கி, திருப்புளி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு ஆகிய மூன்றுமே முதன்மைக் கருவிகள். உரிய அளவு ஓர் அங்குலத்தின் 1000-இல் 15 கூறு, ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். பொறி ஆறியிருக்க வேண்டுமா, வெம்மையுற்றிருக்க வேண்டுமா என்பதில் உந்தின் கைந்நூலையே பின்பற்றுதல் வேண்டும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டால் பொறியைக் கையால் சுழற்றுதல் எளிது.

எவ்விதழை எப்போது அளப்பது? அதற்கு ஒன்பது என்னும் கணக்கு உண்டு. முன்னிருந்து எண்ணி, எட்டாம் இதழ் முழுதும் திறந்திருக்கையில் முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதையும் அளத்தல் வேண்டும். இரண்டன் கூட்டுத்தொகை என்றும் ஒன்பதே. பூட்டுமரையைத் தளர்த்தி, தகடு சற்றே உராய்ந்து நழுவுமாறு திருகை அமைத்து, மரையை முடுக்கிய பின் மீண்டும் ஒருமுறை அளத்தல் கட்டாயம். முடுக்குகையில் திருகும் உடன் திரும்பிவிடக் கூடும்.

பட்டறையாரைப் பழிப்பதிற் பயனில்லை. அவர் கேட்டதைச் செய்தார். கேட்டவர் அறியாது கேட்டார். ஒருமுறை தன் கையால் அளந்தவர் அங்ஙனம் கேளார். அளவு செம்மையாக அமைந்த பின்னும் மெல்லிய தட்டோசை எஞ்சுமாயின், எஞ்சுக! அஃது அப்பொறிக்கு இயல்பு.