போஸ்டர் ஒட்டினால் போதுமா?

ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் 10, உலக மனநல நாள், அதே போஸ்டர்: மனநோயும் சலரோகம் போல ஒரு வருத்தம்தான். ஷெயார் பண்ணிவிட்டு, விழிப்புணர்வு வந்திட்டுது எண்டு இருந்துவிடுகிறோம்.

இந்தச் செய்தி வேலை செய்யுதா? அமெரிக்காவில் 1996இலும் 2006இலும் பொதுமக்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, பெர்னிஸ் பெஸ்கோசோலிடோ குழுவினர் ஒப்பிட்டார்கள். மூளையில்தான் காரணம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் கூடியிருந்தார்கள். வைத்தியம் தேவை என்றவர்களும் கூடியிருந்தார்கள். ஆனால், அப்படியான ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வீர்களா, உங்கள் குடும்பத்தில் கலியாணம் கட்ட விடுவீர்களா என்று கேட்டபோது, விலகி நிற்கும் மனம் குறையவில்லை.

எங்களிடமும் அதுதான் கதை. பகிடிக்கு "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" எண்டு சொல்லுறதும் நாங்கள்தான், போஸ்டர் போடுறதும் நாங்கள்தான். கலியாணப் பேச்சு வந்தால் குளிசையை ஒளிக்கச் சொல்லுறதும் நாங்கள்தான். பிறகு "மனம் விட்டுக் கதையுங்கோ" எண்டு உபதேசம் வேறை! வருத்தத்தோடு வாழுறவருக்கு எங்களை நல்லாத் தெரியும். அதுதான் வாய் திறக்கிறதில்லை.

வளர்ந்தவர்களின் மனதை மாற்றுவதில், பாடம் எடுப்பதைவிட நேரில் பழகுவதே கூடப் பலன் தருகிறது. 14 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து பட்ரிக் கொரிகன் குழுவினர் 2012இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அடுத்த கருத்தரங்கில் வைத்தியருக்கு மட்டும் மைக் குடுக்காதீங்கோ. அந்த வருத்தத்தோடு வாழுற ஒருவருக்கும் மேடையில் கதிரை போடுங்கோ. உங்கள் அலுவலகத்தில் வேலையும் குடுங்கோ. போஸ்டரைப் பிறகு பார்ப்பம்.