ஓரத்தை இறுக்குங்கள், இல்லையேல் விரிப்பே வேண்டாம்

தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றைக் கனமழையிலிருந்து காக்க, வீட்டில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருக்கிறீர்களா? நான்கு மூலையில் துளையிட்டுக் கயிறு கட்டினால் மட்டும் போதாது என்பேன்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவானது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் விரிப்பின்மீது ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அது முழுவதும் நான்கு துளைகளில் குவிந்தால் பிளாஸ்டிக் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

ஆகவே ஓரத்தை மெல்லிய மரச்சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே இன்னொரு சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். விசை ஓரம் முழுவதும் பரவும். விரிப்பு தொய்வில்லாமல் இருந்தால் படபடக்காது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். எதிரெதிர்ப் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். நம் வெப்பத்தில் செடிக்கும் அதுவே நல்லது.

அடுக்குமாடியில் இதையெல்லாம் செய்ய முடியாதவர்கள் இரவில் விரிப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். நனைந்த செடி பிழைத்துக்கொள்ளும். பத்தாவது மாடியிலிருந்து பறக்கும் சட்டம், கீழே பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளையின் தலையில் விழக்கூடாது.