ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள்

ராணிப்பேட்டையில் புதிய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் 3.5 டன் வரையிலான வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதி மாறிவிட்டது. அந்தக் கிட் ஆணி குத்திய சிறு துளைக்குத்தான் உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் பயனில்லை.

ஸ்டெப்னிக்கு மாற்றாக ரன்ஃபிளாட் டயரும் உண்டு; அதன் பக்கச்சுவர் தடித்தது. காற்று போனாலும், பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், நள்ளிரவில், லாரிகள் சீறும் ஓரத்தில் இறங்கி ஜாக்கி போட வேண்டாம் என்பது பெரிய விஷயம், உயிரையே காக்கும். ஆனால் விலை அதிகம், குண்டு குழியில் குலுக்கலும் அதிகம். காற்றில்லாமல் ஓடிய டயரைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அதே அளவு ரன்ஃபிளாட் டயர் இங்குள்ள கடையில் உடனே கிடைக்காது. அரக்கோணம் பக்கம் எம்ஆர்எஃப் டயர் ஆலையே இருக்கும் மாவட்டத்திலும் இதுதான் நிலை.

சாதாரண டியூப்லெஸ் என்றால் வாலாஜா பஞ்சர் கடையில் ஆணியைப் பிடுங்கி, ஸ்ட்ரிப் சொருகிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடுவார்கள். என் தேர்வு அதுவும் முழு அளவு ஸ்டெப்னியும்தான். இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர் மட்டும் ரன்ஃபிளாட்டுக்குச் செலவழிக்கலாம்.