பூர்வகுடிகளின் ரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்: ஒரு கோரிக்கைச் சாசனம்

ஆஸ்திரேலிய மத்திய அரசுக்கும், மாநில அரசுகளுக்கும், மருத்துவ ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கும், தடுப்பூசி நிறுவனங்களுக்கும்:

நாங்கள் இந்நாட்டின் மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் வேலை செய்யும் தமிழர்கள். சுவாச வைரஸ்கள் பரவும்போது பெரும்பாலும் பூர்வகுடிகளான அபோரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவினரும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். 1919-இல் குவீன்ஸ்லாந்தின் பரம்பா குடியிருப்பில், பல இடங்களிலிருந்து அரசு கொண்டுவந்து அடைத்த மக்களை இன்ஃப்ளூயென்சா வாரிக்கொண்டு போனது. 2009-இல் மக்கள்தொகையில் 3 விழுக்காடு அளவே இருந்த இவர்கள், பன்றிக் காய்ச்சலில் இறந்தோரில் அதைவிடப் பல மடங்கு இருந்தார்கள். 'அவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை.

கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பூர்வகுடிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, 2023-இல் 'நேச்சர் இம்யூனாலஜி' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகள், பி செல்கள், டி செல்கள் எல்லாம் நன்றாகவே உருவாகியிருந்தன. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்ற நாள்பட்ட நோய்கள் உள்ளவர்களிடம் ஆன்டிபாடி குறைந்திருந்தது. அதே நோய்கள் உள்ள மற்ற இனத்தவரிடமும் அதே மாற்றங்கள் தெரிந்தன.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வைரஸின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ மூலக்கூறுகளில் ஏ24 என்ற வகை இம்மக்களிடம் பரவலாக உண்டு. 2009 இறப்புகளோடு அதைத் தொடர்புபடுத்தி 2013-இல் ஆய்வு வந்தது. ஆனால் ஏ24 உள்ளவர்களின் டி செல்களும் பலமாக எதிர்க்கும் இன்ஃப்ளூயென்சா துண்டுகள் 2021-இல் கண்டறியப்பட்டன. டி செல்களைத் தூண்டும் புதிய தடுப்பூசிகளில் அந்தத் துண்டுகள் இடம்பெற வேண்டும். பரிசோதனையின் முதல் கட்டத்திலிருந்தே பூர்வகுடிகள் அதில் பங்கேற்க வேண்டும்.

எதிர்ப்பைக் குறைப்பவை இந்த நோய்கள் என்பதால், சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை வேண்டும். எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான். டயாலிசிஸுக்காக வடக்கு ஆட்புலத்தின் கின்டோர் கிராமத்து முதியவர்கள் 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய், சொந்தபந்தங்களைப் பிரிந்து அங்கேயே கிடந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் மேற்குப் பாலைவனத்துப் பூர்வகுடி ஓவியர்கள் தங்கள் ஓவியங்களை ஏலம்விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதன் பலனாக 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. செல்வம் மிகுந்த ஒரு நாட்டில், ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள மக்கள் ஓவியம் விற்க நேர்ந்ததை நினைத்து வெட்கப்படுகிறோம். தொலைதூரக் கிராமங்களுக்கு இந்தச் சிகிச்சையை அரசு தன் செலவில் கொண்டுசேர்க்க வேண்டும்.

வீடு கட்டித்தருவதும் நோய்த்தடுப்புதான். 2021-இல் நியூ சவுத் வேல்ஸின் வில்கேனியாவில் கோவிட் பரவியபோது, ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்து வாழ்ந்ததால் தொற்று கண்டவர்கள் கூடாரத்தில் ஒதுங்க வேண்டியிருந்தது.

2019 முதல் 6 மாதம் நிறைந்த பூர்வகுடிகள் அனைவருக்கும் இன்ஃப்ளூயென்சா தடுப்பூசி இலவசம். அந்தத் திட்டத்தில் கைவைக்கக் கூடாது.

இனி ரத்த மாதிரிகள். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம், அவர்கள் அறியாமலேயே வேறு ஆய்வுகளுக்குப் போனது. வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. இங்கே அப்படி நடக்கக் கூடாது. கொடுத்த மாதிரியின் மீதான உரிமை கொடுத்த சமூகத்துக்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு புதிய ஆய்வுக்கும் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்டால் மாதிரியைத் திருப்பித் தர வேண்டும். முடிவுகளை இதழில் வெளியிடும் முன் அவர்கள் மொழியில் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, முடிவெடுக்கும் அதிகாரம். 2020 மார்ச்சில் வடக்கு ஆட்புலத்தின் தொலைதூரக் குடியிருப்புகள் வெளியாருக்கு மூடப்பட்டன. அதற்காகப் பூர்வகுடித் தலைவர்கள் முன்கூட்டியே வற்புறுத்தியிருந்தார்கள். அந்த ஆண்டு கோவிட் அங்கே நுழையவில்லை. அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டக்குழுக்களில் அவர்கள் ஆலோசகர்களாக அல்ல, முடிவெடுப்பவர்களாக உட்கார வேண்டும். 1971-இல் ரெட்ஃபெர்னில் தொடங்கிய மருத்துவ சேவையின் வழிவந்த, பூர்வகுடிகளே நடத்தும் சுகாதார அமைப்புகளுக்கு இக்கோரிக்கைகளுக்கான நிதி இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகப் போக வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.