பிராது வாங்க யார் இருக்கிறார்கள்?

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் கோயிலில், குறையைத் தாளில் எழுதிக் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். "ஐந்து வயதாகியும் பிள்ளை பேசவில்லை" என்று ஒரு தாய் அங்கே கட்டினால், எள்ளி நகையாட நாம் வரமாட்டோம். வேறு எந்த வாசலில் அவள் மனுவை வாங்கினார்கள் என்றுதான் கேட்கிறோம்!

ஆட்டிசம் சாபமா? முன்வினையா? இல்லை, தோழர்களே! மூளை வளரும் முறையில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு அது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பின்னர் படித்த மேதைகள் சிலர், தாயின் அன்புக் குறைவே காரணம் என்றனர். பூசாரி வினை என்றார், மேதை தாய் என்றார். இருவரிடமும் அகப்பட்டவள் அவள்தான்! அந்தப் பழியை அறிவியல் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது. ஊர் வாய்தான் இன்னும் எறியவில்லை.

பேருந்தின் ஒலிப்பான் நமக்குச் சத்தம். அவர்களில் பலருக்கு அது அடி. முகம் பார்த்துப் பேசாதது திமிரன்று. கோயிலில் மேளம் முழங்கக் காதைப் பொத்துகிற பிள்ளையை, "பக்தியில்லை" என்று விரட்டுகிறார்கள். (கடவுள் பற்றி நம் கருத்து நாடறிந்தது. ஆனாலும் நம்புகிறவனை விரட்ட எவனுக்கும் உரிமையில்லை.)

லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர் ஆட்டிசம் உடையவர். வானூர்தியில் ஒருமுறை சுற்றிப் பார்த்த நகரை நினைவிலிருந்தே வரைகிறவர். ஆனால் மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்பதும் அநீதியே. நம்மூர்ப் பீங்கான் கூடங்களில் மண்கூழை அச்சில் ஊற்றி, ஈரம் உறிஞ்சியதும் பொம்மையைப் பிரித்து, ஓரம் சீவிச் சூளைக்கு அனுப்புகிறோம். அந்த ஓரம் சீவுவதையோ வண்ணம் தீட்டுவதையோ, விருப்பமுள்ள ஒருவருக்கு, சத்தமில்லாத மூலையில், முழுக் கூலியோடு கொடுத்துப் பார்த்தோமா?

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் 1 விழுக்காட்டை, இவர்களும் அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவை உடையோரும் பகிர்ந்துகொள்ள ஒதுக்கியது. நிரமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

ஏட்டில் இருக்கிறது, எட்டவில்லை! சான்றிதழ் வேண்டும். அதற்கு அலைந்தால் சூளைத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. வைப்புநிதி மனுவுக்கு உடன் செல்லும் சங்கச் செயலாளர் இதற்கும் உடன் செல்லட்டும். இழந்த கூலியைச் சங்கம் ஈடுகட்டட்டும். அடுத்த செயற்குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.