கை ராசி இல்லை என்று சொல்லாதீர்கள்!



போன ஐப்பசியில் காம்பவுண்டு ஓரம் நட்ட சம்பங்கிக் கிழங்கு நாற்பதும் அழுகிப்போச்சு. உடனே எட்டாம் வகுப்புத் தோட்டக்குழுவைப் பார்த்து, "உங்களுக்குக் கை ராசியே இல்லை" என்று எல்லோரும் கேலி செய்தோம். (நானும்தான் சிரித்தேன்.) தப்பு கையில் இல்லை, மாதத்தில்!

கிழங்கு விதை மாதிரி இல்லை. அதுக்குள்ளேயே சாப்பாடும் ஈரமும் இருக்கு. வேர் விடும் முன்னே தண்ணீர் தேங்கினால் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய மழையே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு நாள் மழைக்கே நம்ம மைதானம் ஏரி ஆயிடுது. அந்த நேரத்தில் நட்டால் கிழங்கு என்ன, நீச்சலா அடிக்கும்?

சம்பங்கி நட ஏற்றது ஜூன், ஜூலை. தோண்டி எடுத்து ஒரு மாதம் ஆறப்போட்ட, 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு நல்லது. மேட்டுப்பாத்தியில் ஒரு அங்குல ஆழம் போதும். மழைக்கு முன்னாடியே வேர் பிடித்துவிடும், மூன்று நான்கு மாதத்தில் பூக்கும். நம் மாநில மலர் செங்காந்தளுக்கும் இதே பருவம்தான். ஆனால் அதன் கிழங்கு விஷம், பள்ளிக்கூடத்தில் வேண்டாம்.

நம் பள்ளியில் தோட்ட வேலை ஆரம்பிப்பதே காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு. இனி ஜூனில் பள்ளி திறந்ததுமே கிழங்கு வாங்கக் காசு கொடுங்கள். அதுவும் அதே குழுவிடமே கொடுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி